உவர் நிலமும் உழவர் மீது சுமத்தப்படும் பழியும்

ஹரியானாவின் ரோத்தக், ஜஜ்ஜர் மாவட்டங்களிலும், பஞ்சாபின் முக்த்சர், ஃபாசில்கா மாவட்டங்களிலும் குளிர்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில் சில வயல்கள் சுண்ணாம்பு பூசியவை போல் வெளுத்துக் கிடக்கும். அருகில் சென்று பார்த்தால் மண்ணின் மேல் உப்பு பூத்திருக்கும். அதே வயலின் பள்ளமான மூலையில் தண்ணீர் தேங்கிக் கோரை வளர்ந்திருக்கும். தண்ணீர் இருந்தும் விளையாத நிலம் அது. நாட்டில் இவ்வாறு உவராகவும் களராகவும் மாறிய நிலம் ஏறத்தாழ 67 லட்சம் ஹெக்டேர் என்பது கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டுள்ள மதிப்பீடு. இதில் கடலோர நிலங்களும் இயற்கையாகவே களரான நிலங்களும் அடங்கும். ஆனால் மனிதன் வெட்டிய கால்வாயால் உவராகிய பகுதி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இதற்கு யார் காரணம் என்று கேட்டால் ஆளும் வட்டாரங்களிடமிருந்து ஒரே விடைதான் வருகிறது. விவசாயி தேவைக்கு மேல் தண்ணீர் பாய்ச்சுகிறான். தண்ணீர் மலிவாகக் கிடைப்பதால் அதன் அருமை அவனுக்குத் தெரியவில்லை. அளந்து கொடுத்து அளவுக்கு ஏற்ப விலை வாங்கினால் வீணடிப்பு நிற்கும், உப்பும் அடங்கும் என்பதே அந்த விடை. 1990களின் தொடக்கத்திலிருந்து உலக வங்கி இந்தியப் பாசனத் துறைக்கு எழுதிக் கொடுத்துவரும் மருந்துச் சீட்டின் சாரமும் இதுதான். 2025 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை 1,600 கோடி ரூபாய் தொடக்க ஒதுக்கீட்டுடன் ஒப்புதல் அளித்த பாசனப் பரப்பு மேம்பாட்டுத் திட்டமும் இந்தத் தடத்திலேயே நடக்கிறது. பூமிக்கடியில் அழுத்தக் குழாய்கள், கணினி வழிக் கண்காணிப்பு, இணையத்தில் இணைந்த கருவிகள், பிறகு பாசன நிர்வாகத்தை நீர்ப் பயன்படுத்துவோர் சங்கங்களிடம் ஒப்படைத்தல் என்று அறிவிப்பு விரிகிறது. வயலுக்குள் தண்ணீர் எப்படி வரவேண்டும் என்பதைப் பற்றி அவ்வளவு அக்கறை. வந்த தண்ணீரோடு சேர்ந்து வரும் உப்பு எவ்வழியே வெளியேறும் என்ற கேள்வி அந்த அறிவிப்பின் மையத்தில் இல்லை.

உப்பின் கணக்கு எளியது. மலையிலிருந்து இறங்கும் நதிநீர் இனிக்கிறதே தவிர, அதிலும் உப்பு உண்டு. ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், ஓராண்டில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் பாயும் ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு கோடி லிட்டர் தண்ணீரும், அதனோடு 2 டன் உப்பும் வந்து சேரும். பயிர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வெயில் மீதியை ஆவியாக்கும். உப்பு மட்டும் மண்ணில் தங்கும். 25 ஆண்டுகளில் அது 50 டன். இது வந்து சேரும் உப்பு மட்டுமே. வறண்ட பகுதிகளின் அடிமண்ணில் பன்னெடுங்காலமாக உறங்கிக் கிடக்கும் உப்பு வேறு இருக்கிறது. கால்வாயின் கசிவும் வயலின் கசிவும் சேர்ந்து நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்தும்போது அந்தப் பழைய உப்பும் கரைந்து மேலேறுகிறது. நீர்மட்டம் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டருக்குள் வந்துவிட்டால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மண்ணே உப்புநீரை மேலே இழுத்துக்கொள்ளும்.

ஆகவே, உப்பை வேர்ப்பகுதிக்குக் கீழே கழுவி அனுப்பச் சிறிதளவு தண்ணீர் கூடுதலாகவே வேண்டும்; கழுவிய தண்ணீர் வெளியேற வழியும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நிலம் கெடும். சொட்டுநீர்க் குழாயைச் சர்வரோக நிவாரணியாக விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. உப்பைக் கழுவ மழையும் போதாமல், தனியாகத் தண்ணீரும் பாய்ச்சாமல் ஆண்டுக்கணக்கில் சொட்டுநீர் மட்டுமே கொடுத்தால், நனைந்த மண்ணின் ஓரங்களில் உப்பு வளையம் வளையமாகச் சேர்ந்து நிற்கும். சொட்டுநீரால் தண்ணீர் மிச்சமாகலாம். ஆனால் தண்ணீரோடு வந்த உப்பு மண்ணிலேயே நிற்கிறது.

இனி, மலிவான தண்ணீரே காரணம் என்ற வாதத்தைப் பார்க்கலாம். வடமேற்கு இந்தியக் கால்வாய்களில் நடைமுறையில் இருப்பது வாராபந்தி என்னும் முறைப்பாசனம். ஒவ்வொருவருக்கும் அவரவர் நிலப்பரப்புக்கு ஏற்ப வாரத்தில் இத்தனை மணி, இத்தனை நிமிடம் என்று முறை எழுதப்பட்டிருக்கிறது. தம் முறை முடிந்தால் மடையை அடைத்து அடுத்தவருக்கு விட வேண்டும். முறை நேரத்திலும் வாய்க்காலில் என்ன வருகிறதோ அதுதான். இந்த விவசாயி கூடுதல் தண்ணீரை விலைக்கு வாங்குவதும் இல்லை; விலை ஏறினால் குறைத்துக்கொள்ளும் நிலையிலும் இல்லை. பரந்த பரப்பில் கொஞ்சம் தண்ணீரைத் தூவிப் பஞ்சத்தைத் தவிர்ப்பது என்ற நோக்கத்தில், தேவைக்குக் குறைவாகவே கொடுக்கும்படி வடிவமைக்கப்பட்ட முறை இது. இதில் விலையேற்றத்தால் வரவு கூடலாம், நீர்மட்டம் இறங்காது.

இலவச மின்சாரம் என்ற குற்றச்சாட்டு இதைவிட விந்தையானது. நல்ல நிலத்தடி நீர் இருக்கும் சங்ரூர், பட்டியாலா, குருக்ஷேத்திரம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் இரவுபகலாக இறைக்கின்றன. அங்கே நீர்மட்டம் ஆண்டுதோறும் கீழே போகிறது. உப்பு பூக்கும் பகுதிகளில் நடப்பது நேர்மாறு. அங்கே நிலத்தடி நீரே உவர். ஆகவே யாரும் இறைப்பதில்லை. இறைக்காத காரணத்தால் நீர்மட்டம் ஏறுகிறது. ஒரே மாநிலத்தின் ஒரு பாதி வற்றுகிறது, மறுபாதி ஊறுகிறது. இரண்டுக்கும் இலவச மின்சாரத்தையே காரணமாகக் காட்டும் பொருளாதார வல்லுநர்கள் முக்த்சர் மாவட்டத்தின் ஒரு கிணற்று நீரையாவது வாயில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அப்படியானால் நீர்மட்டம் எதனால் ஏறியது? வரலாறு இதற்குத் தெளிவாக விடை தருகிறது. மேற்கு யமுனைக் கால்வாயைக் கம்பெனி ஆட்சி சீரமைத்துத் திறந்த சில பத்தாண்டுகளிலேயே, 1855-இல், கர்னாலை அடுத்த முனக் கிராமத்தார் நிலம் உப்பாகிவிட்டது என்று முறையிட்டனர். அன்று அந்த வெள்ளைப் பூச்சுக்கு மக்கள் வைத்திருந்த 'ரே' என்ற பெயரே அரசுக் கோப்புகளிலும் ஏறியது. இயற்கையாக மழைநீர் வடிந்து ஓடும் தாழ்வாரங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கால்வாய்க் கரைகள் எழுந்தன. பிறகு சாலைகளும் ரயில் பாதைகளும் எழுந்தன. 1873-இல் இயற்றப்பட்ட சட்டத்துக்கு வட இந்தியக் கால்வாய் மற்றும் வடிகால் சட்டம் என்று பெயர். பெயரில் வடிகால் இருந்தது. பணம் கால்வாய்க்குப் போயிற்று. கால்வாய் வெட்டினால் தண்ணீர்த் தீர்வை வரும். வடிகால் வெட்டினால் கஜானாவுக்கு எதுவும் வராது. ஆசியச் சமூகங்களில் பொதுப்பணித் துறைக்கு இருந்த இடத்தையும், ஆங்கிலேயர் கொள்ளைக்கும் போருக்குமான துறைகளை எடுத்துக்கொண்டு அதை மட்டும் கைவிட்டதையும் மார்க்ஸ் 1853-இல் எழுதிய கட்டுரையில் சுட்டிக்காட்டியது இங்கே நினைவுகூரத் தக்கது. பின்னர் அவர்கள் பொதுப்பணியை மீண்டும் கையில் எடுத்தபோதும், வருமானம் தரும் பாதியை மட்டுமே எடுத்தார்கள்.

விடுதலைக்குப் பின் வந்த அரசுகள் இந்த மரபை மாற்றவில்லை. 1954-இல் பக்ரா கால்வாய்கள் திறக்கப்பட்டதற்குப் பின் ஹிசார், சிர்சா பகுதிகளில் நீர்மட்டம் படிப்படியாக உயர்ந்தது. ராஜஸ்தானில் 1958-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1984-இல் இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்ட கால்வாயின் கதை இன்னும் துலக்கமானது. சத்லஜும் பியாஸும் கூடும் ஹரிகே அணைக்கட்டிலிருந்து தார்ப் பாலைவனத்தின் உட்பகுதிவரை தண்ணீர் கொண்டுபோன அந்தச் சாதனையை யாரும் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. ஆனால் அந்த நிலத்தின் அடியில் பல இடங்களில் சில மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் இறங்காத இறுகிய ஜிப்சம் படுகை இருக்கிறது. மேலே ஊற்றிய தண்ணீர் கிண்ணத்தில் நிற்பதுபோல் நிற்கும் இடம் அது. தொடக்க ஆண்டுகளில் கீழ்ப்பகுதி வாய்க்கால்கள் கட்டி முடிக்கப்படாத நிலையில் மேல்பகுதிக்குத் தண்ணீர் தாராளமாகத் திறக்கப்பட்டது. போதாக்குறைக்குக் கக்கர் ஆற்றின் வெள்ளநீரை மணல்மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களுக்குத் திருப்பிவிட்டார்கள். ஹனுமான்கர், சூரத்கர் வட்டாரங்களில் வீடுகளும் வயல்களும் ஊறின. அங்கே குடியேறியவர்களில் இமாச்சலத்தின் போங் அணையால் நிலமிழந்தவர்களும் உண்டு. ஒரு திட்டத்தின் தண்ணீரில் ஊரை இழந்து, இன்னொரு திட்டத்தின் தண்ணீருக்காகப் பாலைவனத்துக்கு அனுப்பப்பட்ட அம்மக்களின் கதை தனியே எழுதப்பட வேண்டியது.

தேவைக்கு மேல் தண்ணீர் பாயும் வயல்களே இல்லை என்று வாதிடுவது உண்மைக்கு நியாயம் செய்வதாகாது. தலைமடையில் அத்தகைய வயல்கள் இருக்கின்றன. வாராபந்தி கணக்கில் வாய்க்கால் கசிவுக்கு முறையான ஈடு இல்லாததால், வாய்க்காலின் கடைசியில் இருப்பவருக்கு அதே நிமிடங்களில் குறைந்த தண்ணீர் கிடைக்கிறது. தலைமடையில் செல்வாக்குள்ளவர் மடையை அகலப்படுத்திக்கொள்கிறார். நிலப்பரப்புக்கு ஏற்ப நிமிடம் என்பதால் பெருநிலக்காரருக்குத் தண்ணீரும் பெரிது. நிலமற்றவருக்கு ஒரு நிமிடமும் இல்லை. குத்தகைக்கு உழுபவர் பெயர் முறைப் பட்டியலில் இல்லை. மேட்டில் இருப்பவரின் வயலில் கசிந்த உபரி நீர் பள்ளத்தில் இருப்பவரின் வயலில் உப்பாகப் பூக்கிறது. தண்ணீரின் பயன் ஒருவருக்கும் உப்பு இன்னொருவருக்கும் போகிறது. 'விவசாயி' என்ற ஒற்றைச் சொல்லால் இந்த வர்க்க வேறுபாட்டை மூடிவிட்டுப் பழியை எல்லார் மீதும் சமமாகப் பங்கிடுவதுதான் விலைவாதிகளின் தந்திரம்.

பயிர்த் தேர்வும் இப்படித்தான். உப்பேறும் நிலத்தில் நெல் ஏன் என்று கேட்கிறார்கள். நெல்லும் கோதுமையும்தான் குறைந்தபட்ச ஆதரவு விலையில் உறுதியாகக் கொள்முதலாகின்றன. குறைந்த தண்ணீரில் வளர்ந்து ஓரளவு உப்பையும் தாங்கும் கடுகுக்கு விலை அறிவிப்பு உண்டு. வாங்க ஆள் வருவது உறுதியில்லை. கர்னால் நிறுவனம் உவரைத் தாங்கும் கடுகு ரகங்களையும் கோதுமை ரகங்களையும் உருவாக்கித் தந்திருக்கிறது. விதை வந்தும் கொள்முதல் வராவிட்டால் விவசாயி எதை நம்பி மாறுவார்? 2020-21இல் தில்லி எல்லைகளில் ஓராண்டுக்கு மேல் அமர்ந்திருந்தவர்கள் எல்லா விளைபொருளுக்கும் சட்டப்பூர்வமான ஆதரவு விலை கேட்டார்கள். அந்தக் கோரிக்கை நிறைவேறியிருந்தால் உவர் நிலத்துக்கும் அது மருந்தாகியிருக்கும்.

மறுபுறம், வடிகால் குழாய் புதைத்தால் எல்லாம் தீரும் என்று நினைப்பதும் அரைகுறைப் பார்வையே. குழாய் வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. ரோத்தக்கை அடுத்த சாம்ப்லாவில் 1980களில் கர்னால் விஞ்ஞானிகள் கைவிடப்பட்ட நிலத்தின் அடியில் துளையிட்ட குழாய்களைப் புதைத்துச் சில ஆண்டுகளில் கோதுமை விளைவித்துக் காட்டினர். 1990களில் நெதர்லாந்து நாட்டின் உதவியுடன் கோஹானா, கலாயத் வட்டாரங்களில் இது பெரிய பரப்புக்கு விரிந்தது. குழாய்களில் சேரும் உப்புநீர் ஒரு கிணற்றில் விழும். அங்கிருந்து அதை இறைத்துத் திறந்த வடிகாலில் விட வேண்டும். அரசு குழாயைப் புதைத்துவிட்டு, இறைக்கும் பொறுப்பை விவசாயிகளின் வடிகால் சங்கங்களிடம் கொடுத்து ஒதுங்கிக்கொண்டது. டீசல் செலவை யார் ஏற்பது? வயல் காய்ந்தவுடன் மேட்டுக்காரர் சந்தாவை நிறுத்துவார். பள்ளத்துக்காரரால் தனியே இறைத்து முடியாது. பல இடங்களில் இயந்திரம் நின்றது. இன்று அதே ஒப்படைப்புத்தான் நீர்ப் பயன்படுத்துவோர் சங்கம் என்ற பெயரில் மீண்டும் வருகிறது. கூடவே உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களோடு இணைக்கும் ஏற்பாடும் வருகிறது. நிலத்தடி வடிகால் என்பது சாக்கடை போன்ற பொதுப்பணி. எந்த நகரத்திலும் சாக்கடையை ஒவ்வொரு தெருவும் சந்தா பிரித்து நடத்துவதில்லை.

இறைத்த உப்புநீர் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. அது வடிகால் வழியே யமுனைக்கோ, கீழ்ப்பகுதி மக்கள் வயலுக்கோதான் போகிறது. எல்லைக்கு அப்பால் சிந்துவில் உலக வங்கியின் கடனில் வெட்டப்பட்ட இடதுகரை வடிகால் பெருங்கால்வாய் இதற்குப் பாடம். மேற்பகுதி மாவட்டங்களின் உப்புநீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் என்று சொல்லப்பட்ட அந்தக் கால்வாயின் கடல் இணைப்பு 1999 புயலில் உடைந்தது. 2003 மழையில் பதீன் மாவட்ட மீனவர்களும் உழவர்களும் வெள்ளத்தில் மூழ்கினர். வங்கியின் சொந்த ஆய்வுக் குழுவே 2006-இல் திட்டத்தின் குறைகளை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பணக்கார நாடுகளின் கதையும் வேறல்ல. கலிபோர்னியாவின் பெருநில முதலாளிகளின் வடிகால்நீர் போய்ச் சேர்ந்த கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் 1983-இல் பறவைக் குஞ்சுகள் ஊனத்துடன் பொரிந்தது தெரியவந்தது. அந்நீரில் இருந்த செலினியமே காரணம். கொலராடோ ஆற்றில் அமெரிக்கப் பண்ணைகள் கழித்த உப்பு, எல்லை தாண்டி மெக்சிகோ உழவர்களின் வயலைக் கெடுத்தது. 1961-இல் எழுந்த அந்தத் தகராறில் ஏற்கத்தக்க தீர்வுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாக 1973 ஆயிற்று.

எனவே உப்பைக் கீழே தள்ளிவிடுவதல்ல, பிறக்குமிடத்திலேயே குறைப்பதுதான் முதல் வேலை. அதற்கான வழிகள் புதிர்களல்ல. லேசர் கருவியால் வயலைச் சமப்படுத்தினால் மேட்டை நனைப்பதற்காகப் பள்ளத்தை மூழ்கடிக்க வேண்டியதில்லை. வடிகால் குழாயை மிக ஆழத்தில் புதைத்தால் அது அடிமண்ணின் பழைய உப்பையும் சேர்த்து இழுத்து வரும். அளவான ஆழத்தில் புதைத்து, பயிருக்கு ஈரம் தேவைப்படும் நாட்களில் வாயை அடைத்து வைத்தால் வெளியேறும் உப்பு குறையும். விதைப்புக்கு முன் கால்வாய் நீரைப் பாய்ச்சி, கோதுமை வேரூன்றிய பின் வடிகால் நீரையே கலந்தோ மாற்றி மாற்றியோ பாய்ச்சலாம் என்பது சாம்ப்லா சோதனைகளில் கண்ட உண்மை. ஹிசார் மாவட்டத்தின் புட்டி கிராமத்தில் வரிசையாக நட்ட தைல மரங்கள் நீர்மட்டத்தை இறக்கின. ஆனால் மரம் தண்ணீரைத்தான் குடிக்கும், உப்பைக் குடிக்காது என்பதையும் மறந்துவிடக் கூடாது. இவற்றில் எதையும் இரண்டு ஏக்கர் உழவர் தனியாகச் செய்ய முடியாது. சமப்படுத்தும் கருவிக்கு வாடகை வேண்டும், அடுத்த வயல்காரரின் இசைவு வேண்டும், வாய்க்கால் திறக்கும் நாள் முன்கூட்டியே தெரிய வேண்டும். இந்த மூன்றும் அரசு ஏற்க வேண்டிய பொறுப்புகள்.

கால்வாய்க்குக் கான்கிரீட் பூசுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கசிவைத் தடுக்கச் சிர்ஹிந்த் ஊட்டுக் கால்வாயையும் ராஜஸ்தான் ஊட்டுக் கால்வாயையும் மறுபடி பூச 2018-இல் ஒன்றிய அமைச்சரவை 825 கோடி ரூபாய் உதவிக்கு ஒப்புதல் அளித்தது. முக்த்சரின் ஊறிய வயல்களுக்கு அது தேவை. ஃபரீத்கோட்டில் மக்கள் அதை எதிர்த்தனர். அங்கே உவர்நீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதக்கும் நன்னீர் கால்வாய்க் கசிவால் வந்தது; கரையோரக் கைப்பம்புகள் அதை நம்பியே இருக்கின்றன. இரு தரப்பும் சொல்வது உண்மை. குழாயில் குடிநீர் கொடுக்காமல் கசிவை அடைக்க வந்தால் மக்கள் எதிர்க்கத்தான் செய்வார்கள்.

இயக்கத்துக்குள்ளும் ஒரு பழக்கம் விவாதிக்கப்பட வேண்டும். 2004-இல் ராஜஸ்தானின் கர்சானா, ராவ்லா பகுதிகளில் முதல் கட்டப் பாசன விவசாயிகள், ஆயிரம் ஏக்கருக்கு 5.23 கன அடி என்று தமக்கு வகுக்கப்பட்ட தண்ணீரைக் கேட்டுப் போராடினர். அரசு துப்பாக்கியால் விடை சொன்னது, விவசாயிகள் உயிரிழந்தனர். அந்தப் போராட்டத்தின் நியாயம் இன்றும் குன்றவில்லை. வாய்க்காலின் மேற்பகுதி ஊறிக்கிடக்கக் கீழ்ப்பகுதி காய்ந்து கிடந்ததற்கு விவசாயிகள் பொறுப்பல்ல. ஆனால் அதன் தொடர்ச்சியாக, தண்ணீர்தான் கோரிக்கை, வடிகாலும் உப்பும் பொறியாளர் விவகாரம் என்ற எண்ணம் மாவட்ட அமைப்புகள் பலவற்றில் படிந்துவிட்டது. மாநாட்டுத் தீர்மானங்களில் கன அடி இடம்பெறும்; நீர்மட்டம் இடம்பெறுவதில்லை. இது எதிர் முகாமுக்குக் களத்தை விட்டுக்கொடுப்பதாகும். கடைமடைக்கு வர வேண்டிய தண்ணீரும் தலைமடையில் உப்பாகப் பூக்கும் தண்ணீரும் ஒன்றே. தலைமடையில் நீர்மட்டத்தை இறக்காமல் கடைமடைக்கு நியாயம் கிடைக்காது. கடைமடையின் கோரிக்கை தலைமடையின் சிறு உழவருக்கு எதிரானதல்ல, அவரது நிலத்தைக் காப்பதும் அதுவே என்று எடுத்துச் சொல்ல உப்பின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாத இடத்தில் 'மேல் மாவட்டம் - கீழ் மாவட்டம்', 'பஞ்சாப் - ஹரியானா - ராஜஸ்தான்' என்று மக்களை மோதவிடும் வேலையை முதலாளித்துவக் கட்சிகள் சிரமமின்றிச் செய்துவிடுகின்றன.

உவரான நிலத்துக்குப் புதிய வாடிக்கையாளர்களும் வந்துவிட்டனர். சிர்சாவிலும் ஃபாசில்காவிலும் அரசு மானியத்துடன் இறால் குளங்கள் வெட்டப்படுகின்றன. பயிர் செய்ய இயலாத நிலத்தில் வருமானம் வருவதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் குளத்தின் உப்புநீர் அறுவடைக்குப் பின் எங்கே திறந்துவிடப்படுகிறது, பக்கத்து வயலுக்கு என்ன ஆகிறது என்று கேட்க ஓர் அமைப்பு வேண்டும். முதலீடு போடக்கூடியவர் குளம் வெட்டுகிறார்; போட முடியாதவர் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுக் கூலிக்குப் போகிறார்.

பாசனப் பரப்பு மேம்பாட்டுத் திட்டத்தின் ஒவ்வொரு ரூபாயிலும் வடிகாலுக்குத் தனிப் பங்கு, உப்புநீர் இறைப்புக்கு அரசு மின்சாரம், நீர்ச் சங்கங்களில் குத்தகை உழவருக்கும் பெண்களுக்கும் வாக்கு, கடுகுக்கும் பருத்திக்கும் பருப்புக்கும் உறுதியான கொள்முதல் என்று விவசாயிகள் சங்கம் கேட்க வேண்டியவை பல. இவற்றுக்கு முன்னதாக, எந்தச் செலவுமின்றி உடனே தொடங்கக்கூடிய ஒரு வேலையும் இருக்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டத்தை அளக்கிறது. நீரின் தரத்தையும் சோதிக்கிறது. அந்த எண்கள் அறிக்கைகளுக்குள் உறங்குகின்றன. ஒவ்வொரு கிளை வாய்க்காலிலும் உள்ளே வந்த தண்ணீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு, வடிகாலில் வெளியேறியது எவ்வளவு, கிணற்றில் நீர்மட்டம் எத்தனை மீட்டர் என்ற அட்டவணையை அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் அவரவர் மொழியில் எழுதி வைக்கச் சொல்லி, அடுத்த வாராபந்தி முறைப் பட்டியல் வெளியாகும் நாளிலேயே கிளைச் சங்கங்கள் மனுவுடன் கால்வாய்ப் பிரிவு அலுவலகத்துக்குப் போகலாம்.